கேப்லனின் சட்டை: 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படமும் அதன் ஆக்கமும்



உளவுப் படங்களை நாம் விரும்பிப் பார்க்கிறோம். அவற்றைப் பற்றி அவையில் பேசத்தான் தயங்குகிறோம். துரத்தல், துப்பாக்கி, ரயில் பயணம், அழகிய பெண், கடைசியில் வில்லனின் வீழ்ச்சி என்ற வாய்பாட்டுக்குள் யோசிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் படித்தவர்களிடையே ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் இயக்கி, எம்.ஜி.எம். நிறுவனம் 1959 ஜூலையில் வெளியிட்ட 'நார்த் பை நார்த்வெஸ்ட்' அது. 136 நிமிடம் ஓடும் படம். கேரி கிராண்ட், ஈவா மேரி செயிண்ட், ஜேம்ஸ் மேசன் முதன்மை வேடங்களில் நடித்தார்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரோஜர் தார்ன்ஹில் நியூயார்க்கில் விளம்பரத் தொழில் செய்பவர். அவரை ஜார்ஜ் கேப்லன் என்ற அரசு உளவாளி என்று தவறாக எண்ணி, வான்டாம் என்பவனின் ஆட்கள் கடத்துகிறார்கள். அந்த வான்டாம், அரசு ரகசியங்களை வெளிநாட்டுக்கு விற்பவன். தார்ன்ஹில் தப்பிவந்து உண்மையைத் தேடும்போது ஐ.நா. கட்டடத்துக்குள் நடந்த ஒரு கொலையின் பழி அவர்மேல் விழுகிறது. ஒருபுறம் போலீஸ், மறுபுறம் எதிரிகள் துரத்த, கேப்லனைத் தேடிச் சிகாகோவுக்கும் அங்கிருந்து மவுண்ட் ரஷ்மோர் மலைக்கும் போகிறார். ஆனால் கேப்லன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. எதிரியின் கண்ணைத் திசைதிருப்ப அமெரிக்க உளவுத்துறை ஓட்டல் பதிவேடுகளில் உலவவிட்ட பெயர் அது.

என் கருத்து இது. இந்தப் படத்தின் நடுவில் திட்டமிட்டு ஒரு வெற்றிடம் வைக்கப்பட்டிருக்கிறது. உளவாளி இல்லை, திருடப்பட்ட ரகசியம் என்னவென்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை, நாயகனின் பெயர் நடுவே வரும் எழுத்துக்குக்கூடப் பொருள் கிடையாது என்று அவரே சொல்கிறார். விமர்சகர்கள் பலர் இதைத் திறமையான விளையாட்டு என்று பாராட்டி நிறுத்திக்கொண்டார்கள். அந்த வெற்றிடத்தில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது என்பது என் வாதம். அரசு ஒன்று இல்லாத மனிதனைப் படைத்தால், அவன் வாங்க வேண்டிய அடியை இருக்கிற மனிதன் ஒருவன் வாங்க நேரும். இதை மேடைப் பேச்சாக வசனத்தில் திணிக்காமல், படத்தைக் கட்டிய விதத்திலேயே பார்க்கவைத்திருக்கிறார்கள்.

1. படம் பிறந்த விதத்திலிருந்து தொடங்குகிறேன். ஹாமண்ட் இன்னஸ் எழுதிய ஒரு கடல் நாவலைப் படமாக்கத்தான் எம்.ஜி.எம். முதலில் ஹிட்ச்காக்கையும் திரைக்கதையாசிரியர் எர்னெஸ்ட் லேமனையும் சேர்த்துவைத்தது. ஆளரவமின்றி மிதந்துவரும் 'மேரி டியர்' என்ற கப்பலின் கதை அது. அதை விசாரணைக் காட்சிகளாக அன்றி வேறு எப்படியும் எழுத முடியாது என்று லேமன் கைவிரித்தார். ஹிட்ச்காக் அவரை விடவில்லை. வேறொன்று எழுதுவோம் என்றார். அப்போது கையில் இருந்தவை சில ஆசைகள்தாம். ரஷ்மோர் மலையில் செதுக்கிய குடியரசுத் தலைவர்களின் முகங்கள்மேல் ஒரு துரத்தல் வேண்டும், ஐ.நா.வில் ஒரு கொலை வேண்டும். கூடவே ஓட்டிஸ் கெர்ன்சி என்ற பத்திரிகையாளர் தந்த ஒரு கரு இருந்தது: எதிரியை ஏமாற்றக் கற்பனை உளவாளி ஒருவனைப் படைக்கிறார்கள், அப்பாவி ஒருவன் அந்தப் பெயருக்குள் மாட்டிக்கொள்கிறான். லேமன் நியூயார்க்கிலிருந்து சிகாகோ வழியாக ரஷ்மோர் வரை கதையின் பாதையிலேயே பயணம் செய்து இந்தத் துண்டுகளை இணைத்தார். ஹிட்ச்காக் படங்களுக்கெல்லாம் உச்சமான ஹிட்ச்காக் படம் ஒன்றை எழுதுவது அவருடைய ஆசை. இந்தப் படத்தை இயக்குநர் ஒருவரின் சாதனையாக மட்டும் பேசுவது லேமனுக்குச் செய்யும் அநீதி. நான் மேலே சொன்ன குற்றச்சாட்டின் கூர்மை பெரும்பாலும் அவர் பேனாவிலிருந்து வந்தது.

கற்பனை உளவாளி என்ற கருவுக்கு வரலாற்றுச் சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக இரட்டை உளவாளியாக வேலைசெய்த பார்சிலோனாக்காரர் ஹுவான் பூஜோல், தனக்குக் கீழே 27 துணை உளவாளிகள் இருப்பதாக ஜெர்மானியரை நம்பவைத்தார். ஒருவர்கூட உண்மையில் இல்லை. லிவர்பூலில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவரைச் சாகடிக்க வேண்டிவந்தபோது செய்தித்தாளில் மரண அறிவிப்பே வந்தது. அவருடைய இல்லாத மனைவிக்கு ஜெர்மானியர் உதவித்தொகை தர ஒப்புக்கொண்டார்கள். இந்தக் கதையைக் கேட்கும்போது சிரிப்பு வரும். இதன் மறுபக்கம் 1943இல் நடந்தது. சிசிலித் தீவில் இறங்கப்போவதை மறைப்பதற்காக, போலிக் கடிதங்களைக் கட்டிய ஒரு சடலத்தை ஸ்பெயினின் உவெல்வா கரையோரம் பிரிட்டிஷார் மிதக்கவிட்டார்கள். மேஜர் வில்லியம் மார்ட்டின் என்று அதற்குப் பெயர், பதவி, காதலி, வங்கிக் கடன் எல்லாம் கொடுத்தார்கள். அந்த உடல் கிளிண்ட்வர் மைக்கேல் என்ற வேல்ஸ்காரருடையது. வீடு வாசல் இல்லாத ஏழை. அவர் யார் என்பது அரை நூற்றாண்டு கழித்துத்தான் வெளியே தெரிந்தது. உவெல்வாவிலுள்ள கல்லறையில் அவருடைய சொந்தப் பெயர் 1998இல்தான் பொறிக்கப்பட்டது. அந்தத் தந்திரம் எத்தனையோ வீரர்களின் உயிரைக் காத்திருக்கும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. இல்லாத மேஜருக்கு இருந்த ஒரு மனிதனின் உடல் தேவைப்பட்டது என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். மார்ட்டினின் கதை 1956இலேயே திரைப்படமாகவும் வந்துவிட்டது. எனவே 1959இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேப்லன் புதிய புனைவு அல்ல.

2. அரசின் புனைவு ஒரு மனிதன்மேல் எப்படி ஏறுகிறது என்பதைப் படம் பிளாசா ஓட்டலின் 796ஆம் எண் அறையில் காட்டுகிறது. இந்தக் காட்சியை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தார்ன்ஹில் தன் தாயுடன் கேப்லனின் அறைக்குள் நுழைகிறார். பணிப்பெண் வருகிறாள்; அவரைக் கேப்லன் என்றே அழைக்கிறாள். இதற்கு முன் என்னைப் பார்த்திருக்கிறாயா என்றால் இல்லை என்கிறாள். பிறகு எப்படித் தெரியும் என்றால், நீங்கள்தானே இந்த அறையில் இருக்கிறீர்கள் என்பது அவள் பதில். வெளுத்துத் தேய்த்த உடுப்புகளைக் கொண்டுவரும் பணியாளும் அப்படியே. அறைக்கு உடையவன் என்ற ஒன்று போதும், முகம் யாருக்கும் தேவைப்படவில்லை. தார்ன்ஹில் கேப்லனின் கோட்டை எடுத்துத் தன் உடம்பில் வைத்துப் பார்க்கிறார். கை குட்டை, கால்சட்டை உயரம் போதவில்லை. உளவுத்துறை தைத்துவைத்த மனிதன் இவரைவிடக் குள்ளம். அந்த நொடியில் தொலைபேசி ஒலிக்கிறது. எடுக்கிறார். எடுத்ததும் மறுமுனையில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது: கேப்லனின் அறையில், கேப்லனின் தொலைபேசியில் பேசுகிறவன் கேப்லன்தான். சட்டை பொருந்தவில்லை என்று நம் கண்ணுக்கு நிரூபித்த கையோடு, பெயர் பொருந்திவிட்டது என்று கதை முடிவுகட்டுகிறது. விளம்பரக்காரராகப் பிறரை நம்பவைத்தே பிழைத்த மனிதருக்கு, தன் பெயரை ஒருவரையும் நம்பவைக்க முடியவில்லை.

இதை அடுத்துச் சற்று நேரத்தில் வரும் ஒரு சிறு காட்சிதான் படத்தின் மனசாட்சி என்பேன். உளவுத்துறை அலுவலகத்தின் பெயர்ப்பலகை பளபளக்கிறது. அதில் வாஷிங்டனின் நாடாளுமன்றக் கட்டடம் பிரதிபலிக்கிறது. உள்ளே மேசையைச் சுற்றிச் சிலர். தார்ன்ஹில்லின் படம் போட்ட செய்தித்தாளைப் படித்துவிட்டு, இல்லாத நம் ஆளாக இவரை நினைத்துவிட்டார்களே என்று வியக்கிறார்கள். லியோ ஜி. கேரல் நடித்த பேராசிரியர்தான் தலைவர். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவர் முடிவெடுக்கிறார். காரணமும் நியாயமாகவே இருக்கிறது: வான்டாமின் பக்கத்திலேயே நம் உண்மையான ஆள் ஒருவர் இருக்கிறார், தார்ன்ஹில்லைக் காப்பாற்றப் போனால் அந்த ஆள் மாட்டிக்கொள்வார். கொடியவர்களாக யாரையும் அந்த அறையில் காட்டவில்லை. ஒருவர் வருத்தப்படவும் செய்கிறார். வருத்தத்தோடு கூட்டம் கலைகிறது. நல்லவர்கள், நல்ல காரணத்துக்காக, தெரிந்தே ஒரு குடிமகனைக் கைவிடுகிறார்கள். பனிப்போர் உச்சத்தில் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ எடுத்த வண்ணப்படம் ஒன்றில் இப்படியொரு காட்சி இருந்தது என்பதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

3. இனி ஆக்கத்துக்கு வருகிறேன். கதையில் உளவுத்துறை செய்ததையே, இந்தப் படக்குழு ஸ்டூடியோவுக்குள் செய்ய வேண்டிவந்தது. இல்லாத இடத்துக்கு இருப்பதுபோன்ற மேற்பரப்பைக் கட்ட வேண்டும். ஐ.நா. தன் கட்டடத்தில் கதைப்படம் எடுக்க அனுமதி தரவில்லை. கேரி கிராண்ட் டாக்ஸியிலிருந்து இறங்கி வாசலுக்கு நடந்துபோவதை எதிர்ப்பக்கம் நிறுத்திய வண்டிக்குள் கேமராவை ஒளித்துவைத்து எடுத்தார்கள். உள்ளே போவதற்கு ஹிட்ச்காக் வேறு வழி கண்டார். புகைப்படக்காரர் ஒருவருக்கு அனுமதி வாங்கி, தானும் பார்வையாளர்போல் கூடவே நடந்து, எதை எந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் படங்களைக் கொண்டு ஸ்டூடியோவில் செட் எழுந்தது. கொலைக்குப் பிறகு தார்ன்ஹில் ஓடுவதைக் கட்டடத்தின் உச்சியிலிருந்து பார்க்கிறோமே, அதில் தெரியும் தோட்டமும் சுவரும் மேத்யூ யூரிசிச் தீட்டிய ஓவியம். அதில் மனிதர் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மட்டுமே நிஜம்.

ரஷ்மோர் இதைவிடச் சிக்கலானது. தெற்கு டகோட்டாவில் 1927 முதல் 1941 வரை கட்ஸன் போர்க்லம் தலைமையில் செதுக்கப்பட்ட மலை அது. ஒவ்வொரு முகமும் 60 அடி உயரம். நாட்டின் புனிதச் சின்னத்தின் முகத்தில் அடிதடி நடப்பதாகக் காட்டக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். கலை இயக்குநர் ராபர்ட் பாயில் மலையுச்சியிலிருந்து கயிற்றிருக்கையில் இறங்கி, கல்லின் மடிப்புகளைத் துண்டு துண்டாகப் புகைப்படம் எடுத்தார். எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் முகங்களின் பகுதிகளைக் கட்டி, அந்தப் புகைப்படங்களைப் பின்னணியாக்கினார்கள். மலைக்குப் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும் வான்டாமின் வீட்டைப் பார்க்க விரும்பி இன்றும் கேட்பவர்கள் உண்டு. ஃபிராங்க் லாய்ட் ரைட் பாணியில் பாயில் வடிவமைத்த அந்த வீடு எங்கும் இல்லை. உட்புறமும் சில வெளிப்பகுதிகளும் செட், மற்றவை ஓவியம். பிலிம் சுருள் கிடையாக ஓடி, பெரிய நெகட்டிவில் பதிவாகும் விஸ்டாவிஷன் முறையில் ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸ் இதையெல்லாம் எடுத்தார். நெகட்டிவ் பெரிதாக இருந்ததால் இத்தனை ஒட்டுவேலைக்குப் பிறகும் படம் மங்காமல் நின்றது.

அனுமதி மறுப்பு ஒரு விபத்து, அதைப் படத்தின் பொருளோடு முடிச்சுப்போடுவது வலிந்து செய்வது என்று சிலர் மறுக்கலாம். மறுப்பு தற்செயல்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்த மறுப்பை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது தற்செயல் அல்ல. ஐ.நா. மாடத்திலிருந்து எடுத்ததாகக் காட்டும் அந்த ஷாட் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கப்பட்டிருக்கலாம். ஓவியம் என்றான பிறகு கேமராவுக்குத் தடை ஏது? மனிதரைப் புள்ளியாக்கும் உயரத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். உளவுத்துறைப் பேராசிரியர் தார்ன்ஹில்லைப் பார்க்கும் தூரமும் அதுவே.

4. புகழ்பெற்ற சோளவயல் காட்சிக்கு வராமல் இந்தப் படத்தைப் பேச முடியாது. கேப்லனைச் சந்திக்கலாம் என்ற செய்தியை நம்பி இந்தியானா மாநிலத்தில் நெடுஞ்சாலை ஓரம் பஸ்ஸிலிருந்து தார்ன்ஹில் இறங்குகிறார். எடுத்தது கலிபோர்னியாவில், வாஸ்கோ ஊரை ஒட்டிய வெட்டவெளியில். ஆபத்து என்றால் இருட்டுத் தெருமுனை, நனைந்த கல்பாவு, மெல்ல வரும் கறுப்புக் கார் என்று பழகிவிட்டது. அதனால் உச்சி வெயிலும் ஒளிய இடமில்லாத சமவெளியும் வேண்டும் என்று தீர்மானித்ததாகப் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவிடம் ஹிட்ச்காக் விளக்கினார். பல நிமிடங்கள் எதுவும் நடப்பதில்லை. ஒரு கார் வந்து கடந்துபோகிறது. எதிர்த்திசையில் இன்னொன்று. ஒரு லாரி புழுதியை வாரி முகத்தில் அடித்துவிட்டுப் போகிறது. எதிர்ப்பக்கம் ஒரு மனிதரைக் கார் இறக்கிவிட, இருவரும் சாலையின் இரு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பயிரே இல்லாத இடத்தில் அந்த விமானம் மருந்து தெளிக்கிறதே என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் பஸ் ஏறுகிறார். பிறகுதான் விமானம் திரும்புகிறது. பெர்னார்ட் ஹெர்மனின் ஆவேசமான இசையோடு தொடங்கும் இந்தப் படத்தில், இந்தக் காட்சியில் விமானம் டேங்கர் லாரியில் மோதும்வரை பின்னணி இசை கிடையாது. பஸ்ஸின் உறுமல், காற்று, விமான இரைச்சல், அவ்வளவே. கிராண்ட் தரையில் விழுந்து புரளும் அண்மைக் காட்சிகளை ஸ்டூடியோவில் பின்திரையில் படம் ஓட்டும் பேக் புரொஜெக்‌ஷன் வைத்து எடுத்தார்கள். ஜார்ஜ் டொமசினியின் படத்தொகுப்பு வயலையும் ஸ்டூடியோவையும் தையல் தெரியாமல் சேர்த்தது.

ஒரு மனிதனைக் கொல்ல விமானம் எதற்கு, சாலையோரம் ஒரு துப்பாக்கி போதாதா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எதிரியின் கணக்கில் யோசித்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கதை அங்கே தளர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் எதற்காக அங்கே நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். இல்லாத ஒருவனைச் சந்திக்க வந்து நிற்கிறார். கேப்லனைக் கண்டால் தன் பெயர் மீளும் என்று வருகிற ஒவ்வொரு காரையும் நம்பிக்கையோடு பார்க்கிறார். எதிரே நிற்பவரிடம் தயங்கித் தயங்கிப் போய் உங்கள் பெயர் கேப்லனா என்று கேட்கிறார். அந்த வெட்டவெளியில் கேப்லன் என்று ஒருவர் இருந்தாரென்றால் அது அவரேதான். அவரைத் தேடி வந்த விமானம் சரியான முகவரிக்குத்தான் வந்தது. இந்தக் காட்சி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் நம்மைப் பிடித்து உலுக்குவதற்கு அந்தக் காத்திருப்பே காரணம். நான்கே ஆண்டுகளில், 1963இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் ஜேம்ஸ் பாண்டை வெட்டவெளியில் ஹெலிகாப்டர் துரத்துகிறது. துரத்தலை எடுத்துக்கொண்டார்கள், காத்திருப்பை விட்டுவிட்டார்கள். பாண்ட் மெய்யான உளவாளி, அரசின் செல்லப்பிள்ளை. தன்னைத் துரத்துவது யார், ஏன் என்று அவருக்குத் தெரியும். பின்வந்த உளவுப் படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வழியில் போனதை ஓர் இழப்பாகவே நான் கருதுகிறேன்.

5. இரண்டு வலுவான மறுப்புகள் மிஞ்சுகின்றன. முதலாவது ஹிட்ச்காக்கின் வாயிலிருந்தே வருகிறது. எல்லோரும் துரத்தும் அந்த ரகசியப் பொருள் முற்றிலும் வெறுமையாக இருப்பதால் தன் படங்களில் வந்த அத்தகைய பொருள்களிலேயே இதுதான் சிறந்தது என்று த்ரூஃபோவிடம் மகிழ்ந்தார். வான்டாம் என்ன விற்கிறான் என்று தார்ன்ஹில் கேட்கும்போது, அரசு ரகசியங்கள் என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு விமான நிலையத்தில் பேராசிரியர் தரும் விளக்கத்தை இன்ஜின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. நமக்குத் தெரிந்ததை மறுபடி கேட்கவைக்க வேண்டாம் என்ற சிக்கனம் அது. இயக்குநரே தொழில்நுட்ப விளையாட்டு என்கிறபோது குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயம்தான். ரகசியத்தின் வெறுமையும் கேப்லனின் வெறுமையும் ஒன்றல்ல என்பது என் விடை. வான்டாம் கடத்தும் மைக்ரோபிலிமில் என்ன இருந்தது என்று தெரியாததால் யாருக்கும் நட்டமில்லை. கேப்லன் இல்லாததால் ஒருவருக்கு உயிர் போகப் பார்க்கிறது. முதல் வெறுமையைப் பற்றித்தான் ஹிட்ச்காக் பேசினார். தவிர, ஒரு சிலைக்குள் மறைத்த அந்தப் பிலிமில் ஏதேனும் பெரிய ஆபத்து இருந்ததாகக் காட்டியிருந்தால், பேராசிரியரின் முடிவுக்கு நம் தலை தானாக ஆடியிருக்கும். எதற்காக ஒருவர் பலியாகிறார் என்று தெரியாமல் விட்டதால்தான் அந்த முடிவை நாம் எடைபோட முடிகிறது.

இரண்டாவது மறுப்பு முடிவைப் பற்றியது. கடைசியில் அரசின் துப்பாக்கிதான் நாயகனையும் நாயகியையும் காப்பாற்றுகிறது. பாறையில் தொங்கும் பெண்ணைக் கைகொடுத்துத் தூக்கும் ஷாட் அப்படியே ரயில் பெட்டியின் படுக்கைக்கு மாறுகிறது. பேராசிரியர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உண்மை. படம் தன் கேள்வியைக் கடைசி நிமிடங்களில் கைநழுவவிடுகிறது, இதை மறைத்து வாதாட மாட்டேன். ஆனால் கேள்வி கேட்கப்படாமல் போய்விடவில்லை. ரஷ்மோர் அருகே பைன் மரக் காட்டில் ஒரு காட்சி வருகிறது. நாயகி ஈவ் கெண்டல் வான்டாமின் காதலியாக நடிக்கும் அரசின் ஆள் என்று தெரிந்த பிறகு அவளும் தார்ன்ஹில்லும் முதன்முறையாகப் பொய்யின்றிப் பேசிக்கொள்ளும் இடம். அங்கேதான் அவள் அன்றிரவே வான்டாமோடு நாட்டைவிட்டுப் போயாக வேண்டும் என்பது தார்ன்ஹில்லுக்குத் தெரியவருகிறது. பெண்களை இப்படி அனுப்பித்தான் பனிப்போரில் வெல்ல முடியும் என்றால், சிலவற்றில் தோற்கப் பழகுங்கள் என்ற பொருளில் பேராசிரியரிடம் சீறுகிறார். ஏற்கெனவே தோற்றுக்கொண்டுதான் இருக்கிறோம் என்பதுபோல் பேராசிரியர் பதில் சொல்ல, பக்கத்தில் நின்றவரின் ஒரு குத்தில் தார்ன்ஹில் சாய்கிறார். வாதத்துக்கு அரசு தந்த விடை அந்தக் குத்து. தார்ன்ஹில் தற்செயலாக மாட்டியவர். ஈவ் தெரிந்தே அனுப்பப்பட்டவள், ஆகவே அவள் சுமப்பது அதிகம். அவளுடைய மனத்துக்குள் படம் இன்னும் சற்று நேரம் இருந்திருக்க வேண்டும் என்பது என் குறை.

இந்தக் காட்டுக் காட்சியை வெட்டிவிடச் சொல்லி ஹிட்ச்காக்கை எம்.ஜி.எம். நெருக்கியது. படம் நீளம், இது இல்லாவிட்டாலும் கதை ஓடும் என்பது அவர்கள் கணக்கு. துரத்தல் கதையாக மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கில் தவறில்லை, வேகம்கூடக் கூடியிருக்கும். ஹிட்ச்காக் மறுத்தார். செலவு, நாள், நீளம் எதுவானாலும் படத்தின் முழு உரிமை இயக்குநருக்கே என்று அவருடைய முகவர்கள் ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருந்தார்கள். தான் கேட்டு வாங்காத அந்த உரிமையைப் பயன்படுத்தித்தான் அவர் அந்தக் காட்சியைக் காப்பாற்றினார். வெறும் விளையாட்டாக இந்தப் படத்தை எடுத்தார் என்று சொல்பவர்கள், வேகத்தைக் குறைக்கும் அந்த உரையாடலுக்காக அவர் ஏன் ஸ்டூடியோவோடு மல்லுக்கு நின்றார் என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.